சிலிண்டரில் காலி இல்ல

சமீபத்தில் வெளிநாட்டில் ஏதோ ஒரு பந்தயத்தில் கார் ஒன்று சுவரில் மோதிச் சுக்குநூறாகிவிட்டது. ஓட்டியவன் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து நடந்து போனான். அந்த வீடியோவை எங்கள் பரிசோதகர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டுவிட, ஆரம்பித்தது சண்டை. புது விதியால்தான் கார் இப்படித் தறிகெட்டு ஆடுகிறது என்று ஒருவன். புது விதியால்தான் ஆள் பிழைத்தான் என்று இன்னொருவன். வாய்க்கு வந்தபடி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட பிறகு, இப்போது வேலையில் இருப்பவர்களில் கெட்டிக்காரியான ஒரு பெண், "சார், நீங்க எத்தனையோ விதி மாறிப் பாத்தவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டாள். ஒரு வார்த்தையாம்! நான் சொல்ல வேண்டியதே ஒரு வார்த்தையைப் பற்றித்தான். அதைப் போனில் கட்டை விரலால் தட்டிச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆபீஸில் இரண்டையும் போட்டுப் பிசைந்த ஒன்று. சித்தூரில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் பதவிப் பெயரை என் மனைவிகூட ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் நான் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரிக்காரர்கள் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வண்டியை டீக்கடை ஓரம் ஒதுக்கிவிடுவார்கள். மேலதிகாரியிடம் முறையாக அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தய சங்கத்துக்குப் பரிசோதகராகவும் போனேன். பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு காரையும் கவிழ்க்காத குறையாகப் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்வதுதான் வேலை. அதற்குச் சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள், தேர்வு வைத்தார்கள், கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். அதிலிருந்து எனக்கு நினைவில் நிற்பது மதியச் சாப்பாடு மட்டும்தான். வேலையைக் கற்றது தேவசகாயம் சாரிடம்.

தேவசகாயம் சார் சங்கத்தின் தலைமைப் பரிசோதகர். சென்னைக்காரர், ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. புழுதிக்காட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பற்றி என்ன சொல்ல? ஒரு காரிடம் வந்ததும் ஓட்டுபவனிடம், அவன் மீசை முளைக்காத பயலாக இருந்தாலும், "தொடலாமா தம்பி?" என்று கேட்பார். தொடலாம் என்று அவன் சொன்ன பிறகுதான் கை வைப்பார். பிறகு கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதில் ஒரு முழங்காலை ஊன்றிக் காருக்கு அடியில் பார்ப்பார். முன்னால் தொடங்கி இடப்பக்கமாகவே சுற்றி வருவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் அவரிடம் யாரும் நடுவில் பேசுவதில்லை. சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுப்பார். ஆக்ஸிலரேட்டர் மிதியை மிதித்து விட்டு, அது தானாக மேலே வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். ஒரு கார் தேறவில்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "இது போகாது தம்பி" என்பார். அந்த மெல்லிய குரலை எதிர்த்து எந்தக் கோடீஸ்வரன் பிள்ளையும் ஜெயித்ததில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. காதால் கேட்ட எதையும் அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். "பிரேக் எண்ணெய் மாத்திட்டேன் சார்" என்றால், "மாத்திட்டீங்க?" என்பார். "ஆமா சார்" என்றால்தான் அடுத்ததற்குப் போவார். எங்களுக்கும் அதையே பழக்கினார். வாக்கி டாக்கியில் பேசும்போது திருப்பிச் சொல்லாதவனைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்பார். வீட்டில் மனைவி தக்காளி வாங்கி வரச் சொன்னால்கூட "தக்காளி?" என்று திருப்பிக் கேட்கும் வியாதி எனக்கு அப்படித்தான் வந்தது.

விதி மாறிய கதையைச் சொல்கிறேன். முன்பெல்லாம் எல்லாக் காரிலும் ஓட்டுபவன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னத் தீயணைப்பு சிலிண்டர் இருக்க வேண்டும். ஒரு பந்தயத்தில் ஒரு கார் உருண்டபோது அந்த சிலிண்டரைப் பிடித்திருந்த பட்டை பிய்ந்து, சிலிண்டர் பறந்து வந்து ஓட்டுபவனின் தாடையை உடைத்துவிட்டது. பெரிய ரகளை. காப்பாற்ற வைத்ததே ஆளை அடித்துவிட்டதே என்று பத்திரிகைகள் கேட்டன. சங்கத்தில் உட்கார்ந்து பேசி, புதிதாக ஓட்ட வருபவர்களின் பிரிவுக்கு மட்டும் காருக்குள் சிலிண்டர் வேண்டாம் என்று விதியை மாற்றினார்கள். காரும் இலேசாகும், பாதையைச் சுற்றி ஒவ்வொரு போஸ்ட்டிலும்தான் பெரிய சிலிண்டர் இருக்கிறதே என்றார்கள். போஸ்ட் என்றால் பாதை ஓரத்தில் கொடியோடு ஆள் நிற்கிற இடம்.

தேவசகாயம் சார் எழுந்து, "பட்டையை மாத்துங்க. சிலிண்டரை எடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். தோற்றுப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதியவன் ஒருவன் பழைய வழக்கப்படி காரில் சிலிண்டரோடு வந்தபோது, அதைக் கழற்றச் சொன்னவரும் அவரே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் இது, நீங்களே வேணாம்னு சொன்ன விதி" என்றேன்.

"என் கருத்து என் வீட்டுல. இங்க விதி" என்றார்.

இனி முனிரத்தினம். புத்தூர்ச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தான். எங்கள் பக்கத்துத் தமிழன்தான். பந்தயம் என்றால் கடையை மூடிவிட்டு வந்து நிற்பான், கொடி பிடிப்பதற்கு. வாய் ஓயாது. என்னைப் பார்த்தால், "இன்னா சார், என் ஸ்கூட்டருக்கு பிரேக் இல்ல, புடிச்சிக்கினு போறியா?" என்று வம்புக்கு இழுப்பான். ஆனால் போஸ்ட்டில் நின்றுவிட்டால் சிரிப்பெல்லாம் போய்விடும். வெயிலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூட இடத்தை விட்டு நகர மாட்டான்.

அந்தப் பந்தயம் புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில், நிலக்கடலை பிடுங்கி முடித்த நிலத்தில் நடந்தது. மண் பாதை, திருப்பங்களில் வைக்கோல் கட்டு, சுற்றிலும் கயிறு. நான் கொட்டகையில் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி இருந்த டென்ட்தான் கண்ட்ரோல். ஒவ்வொரு போஸ்ட்டும் தயாரா என்று வாக்கி டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது தேவசகாயம் சார். எல்லோரும் தயார் என்று பதில் வந்த பிறகு பச்சைக் கொடி இறங்கியது.

புதியவர்கள் பிரிவில் ஓடிய சரண் என்கிற பையனின் கார், முனிரத்தினம் நின்ற நான்காவது போஸ்ட்டின் திருப்பத்தில் உருண்டது. நான் காலையில் பார்த்து அனுப்பிய கார்தான். அதில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். தலைகீழாக விழுந்ததும் பெட்ரோல் கசிந்து சூடான புகைக்குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது போஸ்ட்டின் ஆள் தன் சிலிண்டரோடு வந்து தீயை அணைத்து முடித்திருந்தான். முனிரத்தினம் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பெல்ட்டக் கயட்ட முடியல சார், பெல்ட்டக் கயட்ட முடியல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய சிலிண்டர் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. சரணைத் திருப்பதிக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் போய்ச் சேர்ந்துவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அதன் பிறகு நடந்த சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. காருக்குள் சிலிண்டர் வேண்டாம் என்று விதியை மாற்றியது யார் என்று ஒரு கூட்டம். சிலிண்டர் இருந்திருந்தாலும் மயங்கிக் கிடந்தவன் எப்படி எடுப்பான் என்று எதிர்க் கூட்டம். டிவியில் காரே ஓட்டத் தெரியாதவர்கள் வந்து காரைப் பற்றிப் பேசினார்கள். அப்போதுதான் ஒருவர் கேட்டார், போஸ்ட்டில் இருந்த பெரிய சிலிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று. எடுத்துப் பார்த்தால் அதில் அழுத்தமே இல்லை. அளவு காட்டும் முள் சிவப்பில் படுத்திருந்தது. ஆக, பந்தயத்துக்கு முன் முள்ளைப் பார்க்காமல் தயார் என்று சொன்னவன் யார்? எல்லோர் விரலும் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பியது.

திருப்பதியில் ஓட்டல் ஒன்றின் ஏசி ஹாலில் சங்கம் விசாரணை வைத்தது. சென்னையிலிருந்து இருவர், ஹைதராபாத்திலிருந்து ஒருவர். முனிரத்தினம் கையில் கட்டோடு வந்திருந்தான்.

"பந்தயத்துக்கு முன்னாடி சிலிண்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இல்லன்னு சொன்னேன் சார், கண்ட்ரோலுக்கு."

தேவசகாயம் சாரைக் கேட்டார்கள். பொய் என்பது அவர் வாயில் வராது, அது எனக்குத் தெரியும். அவர் எழுந்து நின்று, "காலி இல்லைன்னு சொன்னாரு. நான் திருப்பிக் கேட்டேன். மறுபடியும் காலி இல்லைன்னுதான் சொன்னாரு" என்றார்.

முனிரத்தினம் திகைத்துப் போய், "ஆமா சார், அதத்தான சார் நானும் சொல்றேன்" என்றான்.

ஹாலில் ஒருவர் சிரித்துவிட்டார். பஞ்சர் கடைக்காரன் குழப்பித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, விதி, எடை, பட்டை என்று போய்விட்டார்கள். அடுத்த வாரம் மீண்டும் கூடுவதாகச் சொல்லிக் கலைந்தார்கள். அதற்குள் புத்தூர் முழுக்க, சரியாகப் பார்க்காமல் ஒரு பையனைக் கொன்றவன் என்று அவனுக்குப் பெயராகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அன்று அவனை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு மண்டை குடைந்தது. பொய் சொல்லாத இரண்டு பேர் எதிரெதிராக நின்று ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். "முனி, அன்னைக்கி வாக்கி டாக்கில இன்னா சொன்ன? ஒரு எழுத்து மாறாம அப்படியே சொல்லு" என்றேன்.

"கண்ட்ரோல், போஸ்ட் நாலு. சிலிண்டர்ல காலி இல்ல சார்னேன். அவரு, காலி இல்ல?ன்னாரு. ஆமா சார், காலி இல்லன்னேன். ஓகே, நோட்டட்னு சொல்லிட்டாரு. சரி, வேற சிலிண்டர் அனுப்புவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள கொடி எறங்கிடிச்சி. பெரியவங்க, தெரிஞ்சிதான் வுட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் சார்."

காரை ஓரம் கட்டிவிட்டேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெலுங்கில் காலி என்றால் காற்று. எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் தமிழன், தெலுங்கன் எல்லோருக்கும் டயரில் அடிப்பது காலிதான். "பின்னாடி காலி கம்மியா கீது", "காலி புடிச்சிக்கினு போ" என்று நாள் முழுக்க முனிரத்தினத்தின் வாயில் அதுதான். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்தினால் தெலுங்கு, அழுத்தாவிட்டால் தமிழ். வாக்கி டாக்கியின் கொரகொர சத்தத்தில் அந்த வித்தியாசம் எங்கே கேட்கும்? சிலிண்டரில் காற்று இல்லை, அழுத்தம் இல்லை என்று அவன் சொன்னான். சிலிண்டர் காலியாக இல்லை, நிறைந்திருக்கிறது என்று சென்னைக்காரரான தேவசகாயம் சார் காதில் விழுந்தது. திருப்பிக் கேட்டும் பார்த்தார். என்ன பிரயோஜனம்? தப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது.

கொடுமை என்னவென்றால், முனிரத்தினம் 'காலி லேது' என்று முழுத் தெலுங்கில் சொல்லியிருந்தால் சாருக்குப் புரிந்திருக்காது. உடனே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். பெரியவர், சென்னைக்காரர், அவரிடம் தமிழில் பேசுவதுதான் மரியாதை என்று இவன் தமிழில் சொன்னான்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, முனிரத்தினத்தை அந்த வாக்கியத்தை மறுபடியும் சொல்லச் சொன்னேன். பிறகு விளக்கினேன். ஹைதராபாத்காரர் பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ ராமா" என்றார். சென்னைக்காரர்கள் இருவரும் அவரைப் பார்த்தார்கள். தேவசகாயம் சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலின்னா... காத்தா?"

"ஆமா சார்."

"காத்து?" என்று மறுபடியும் கேட்டார். பழக்கம்.

"ஆமா சார், காத்து."

அவர் எழுந்து வந்து முனிரத்தினத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தொடப் போய், சற்று நிறுத்தி, "தொடலாமா தம்பி?" என்றார். முனிரத்தினம் குழந்தை மாதிரி அழுதான். அவரும் அழுதார். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அறிக்கை வந்தது. யார் மீதும் குற்றமில்லை, தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட பிழை என்று எழுதியிருந்தார்கள். காருக்குள் சிலிண்டர் மறுபடியும் கட்டாயமானது, உறுதியான பட்டையோடு. வாக்கி டாக்கியில் இனி 'ரெடி', 'ரெடி இல்லை' என்று மட்டுமே சொல்ல வேண்டும், வேறு எந்த வார்த்தையும் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார்கள். இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளே, நீங்கள் கேலி செய்கிறீர்களே, கிளிப்பிள்ளை விதி என்று, அது இப்படி வந்ததுதான். தேவசகாயம் சார் அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் வரவில்லை. போன் செய்தால் எடுத்து, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

குற்றமில்லை என்று வந்தும் முனிரத்தினத்துக்கு மனசு ஆறவில்லை. சரணின் அப்பாவைப் பார்த்து நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "எதுக்குடா? ஆறப்போற புண்ண எதுக்குக் கிளர்ற?" என்று திட்டினேன். "அவருக்கு நான் யாருன்னு தெரியணும் சார். சிலிண்டரப் பாக்காமப் பூட்டவன்னு என்ன நெனச்சிக்கினு இருப்பாரு. அத மட்டும் என்னால தாங்க முடியல" என்றான். சரி என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் பெயர் சுப்பராயுடு. திருப்பதியில் அலிபிரிக்குப் பக்கத்தில் வீடு. வேலையில் இருந்த காலமெல்லாம் மலைப் பாதையில் பஸ் ஓட்டியவர். தமிழ்நாட்டிலிருந்து வரும் பக்தர்களோடு பேசிப் பேசித் தமிழ் சரளமாக வரும். எங்களைப் பார்த்ததும், "ரண்டி சார், கூச்சோண்டி" என்று உட்காரச் சொல்லி, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சுவரில் சரணின் படம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் எல்லாவற்றையும் சொன்னான். முள் சிவப்பில் இருந்தது, கூப்பிட்டது, நோட்டட் என்று பதில் வந்தது, காத்திருந்தது, பெல்ட் கழலாதது. பெரியவர் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "என்ன சொன்ன? அந்த மாட்ட, அந்த வார்த்தைய, அப்படியே இன்னொரு தடவ சொல்லு பாபு" என்றார்.

"சிலிண்டர்ல காலி இல்ல சார்னு."

அவர் முகம் மாறியது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அது நீயா?" என்றார். "நான் அன்னிக்கு அந்த டென்ட் பக்கத்துலதான் நின்னேன். நிழலா இருந்துச்சுன்னு. மெஷின்ல பேசுறது காதுல விழுந்துச்சு. ஒரே சத்தம், மொத்தமும் கேக்கல. காலி இல்லன்னு மட்டும் நல்லாக் கேட்டுச்சு. எனக்கு அர்த்தம் ஆச்சு பாபு, காத்து இல்லன்னு. எவன் வண்டிலயோ டயர் எறங்கிடுச்சு போலன்னு நெனச்சு, போயி நம்ம சரண் வண்டி டயர குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். நாலும் நல்லா இருந்துச்சு."

முனிரத்தினம் எழுந்துவிட்டான். எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றான். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது, இவனைக் கூட்டி வந்தேனே என்று.

உள்ளேயிருந்து அந்த அம்மா மோர் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கணவரைத் தெலுங்கில் கேட்டார். அவர் படத்தின் பக்கம் பார்க்காமல், கண்ணைத் துடைக்காமல், "ஏமி லேது" என்றார். ஒன்றும் இல்லையாம்.